293318625600: ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

அரசலாறு (இழையைத் தொடங்கியவர்):

கும்பகோணத்தில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இந்த ஊரில் ராமானுஜன் என்று வாயெடுத்தாலே 1729 வந்துவிடும். டாக்ஸி நம்பர் கதையை டீ ஆற்றுகிறவர்கூடச் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் வேறு ஒரு எண்ணைப் பற்றிப் பேசலாம் என்று இதைத் தொடங்குகிறேன்.

293318625600. வாயால் சொன்னால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜனின் நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது அதற்காகத்தான். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் ஒரு எண்ணுக்கு இருந்தால், அதைத் தனி வகையாகப் பிரித்துப் பெயர் வைத்தார். தமிழில் 'உயர் பகு எண்' என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும். 6746328388800 வரைக்கும் 102 எண்களைப் பட்டியல் போட்டார். எல்லாம் கையால் போட்ட கணக்கு. அதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. அதுதான் தலைப்பில் இருப்பது.

போன வாரம் அந்தப் பட்டியலை சார்ட் பேப்பரில் எழுதி டியூஷன் அறைச் சுவரில் ஒட்டினேன். ஒட்டி முடித்த பிறகுதான் ஒரு வரி குறைவது தெரிந்தது. 240940299600-க்கும் 321253732800-க்கும் நடுவில் வரவேண்டும். வரிகளை நெருக்கி எழுதிவிட்டதால் இப்போது ஒரு துண்டுச்சீட்டு ஒட்டக்கூட இடமில்லை.

இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நன்னிலம்_நந்தி:

சார், முதலில் ஒரு சந்தேகம். இதற்கு எத்தனை காரணி? எண்ணிப் பார்த்தீர்களா, இல்லை யாரோ சொன்னதா?

அரசலாறு:

எண்ணவே வேண்டாம், பெருக்கினால் போதும். 12-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் வர்க்கம் பெருக்கல் 3. காரணி ஒன்றில் 2 வராமல் போகலாம், ஒரு தடவை வரலாம், இரண்டு தடவை வரலாம், ஆக மூன்று வழி. 3 வரலாம், வராமலும் போகலாம், இரண்டு வழி. மூவிரண்டு ஆறு. 1, 2, 3, 4, 6, 12. சரியாக வருகிறதா?

நம்ம எண்ணைப் பகா எண்களாக உடைத்தால்: 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கு 2, 7-க்கு 2, அப்புறம் 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு தடவை. ஒவ்வொரு அடுக்கிலும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

ஐயாயிரத்து நாற்பது காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

குடமுருட்டி:

பாபநாசம் பக்கம் விவசாயம். கணக்கில் நான் பத்தாவதோடு சரி. ஒன்று புரியவில்லை. பெரிய எண் என்றாலே காரணி நிறைய இருக்கும்தானே? இதில் என்ன விசேஷம்? இந்த எண் தெரிந்தால் நெல்லுக்குக் கூட ரெண்டு ரூபா போடுவானா?

வெட்டாறு:

நெல் விலைக்கு நான் பொறுப்பில்லை அண்ணே. முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

பெரிய எண்ணாக இருந்தால் மட்டும் போதாது. 2-ஐ மட்டும் 38 தடவை பெருக்கினால் 274877906944 வரும். நம்ம எண்ணுக்குக் கொஞ்சம்தான் கீழே. அதற்கு மொத்தமே 39 காரணிகள். ஒரே பகா எண்ணை அடுக்கிக்கொண்டே போனால் இந்தக் கதிதான்.

சரி, இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போவோம். ஒன்றையும் இரண்டாம் தடவை தொடாமல் முதல் 11 பகா எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கினால், 2 × 3 × 5 என்று 31 வரைக்கும் போய், 200560490130 கிடைக்கும். அதற்கு 2048 காரணிகள். பரவாயில்லை, ஆனால் 5040 எங்கே, இது எங்கே?

சின்னப் பகா எண்களைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், பெரியவற்றையும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். எதை எவ்வளவு என்பதில்தான் வித்தை. நீங்கள் உரம் போடுகிற மாதிரிதான். ஒரே உரத்தைக் கொட்டினாலும் விளையாது, எல்லா உரத்திலும் ஒரு பிடி போட்டாலும் விளையாது.

குடமுருட்டி:

இப்பப் புரியுது தம்பி.

பைத்தான்_பையன்:

சொந்த ஊர் திருவையாறு, வேலை சென்னையில். நேற்று இரவு ஒரு சின்ன புரோகிராம் எழுதிப் பார்த்தேன். 5040 சரி. இன்னொன்றும் கவனித்தேன்: 1 முதல் 30 வரைக்கும் எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடுகிறது!

வெட்டாறு:

தம்பி, புரோகிராமை இன்னொரு தடவை பாருங்கள். அரசலாறு சார் எழுதிய பகா எண்களில் 23 எங்கே இருக்கிறது?

பைத்தான்_பையன்:

ஐயோ, தப்புதான். 23-ஆல் வகுபடாது, 29-ஆலும் வகுபடாது. மீதியைச் சரிபார்க்கும் வரியில் அடைப்புக்குறி மாறிப்போயிற்று. திருத்திச் சொல்கிறேன்: 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும். 23-இல் முதல் தடவை முட்டும். அப்புறம் 24 முதல் 28 வரை வகுபடும், 29-இல் மறுபடி முட்டும், 30-ஆல் வகுபடும், 31-இல் முட்டும்.

இன்னொன்று. 1 முதல் 22 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் 232792560. நம்ம எண்ணை அதால் வகுத்தால் சரியாக 1260 வருகிறது. பட்டியலில் பார்த்தால் அந்த 1260-ம் ஒரு உயர் பகு எண். இந்தத் தடவை சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் :)

கணக்குவீட்டுப்பேரன்:

மன்னார்குடி பக்கம். எங்கள் தாத்தா கிராமக் கணக்கராக இருந்தவர். அவர் வாயில் கால், அரைக்கால், மாகாணி என்றுதான் வரும், தசமப் புள்ளி வராது. இந்த எண்ணை அவர் கணக்கில் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது.

தெரியாதவர்களுக்காக: மாகாணி 16-இல் ஒன்று. மா 20-இல் ஒன்று. காணி 80-இல் ஒன்று. அரைக்காணி 160-இல் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. அந்த முந்திரியையும் 320-ஆல் பிரித்தால் கீழ்முந்திரி, அதாவது 102400-இல் ஒரு பங்கு.

293318625600-ஐ 320-ஆல் வகுத்தால் 916620705. முந்திரிக் கணக்குக்கு மீதியே இல்லாமல் பிரிகிறது. ஆனால் வந்த விடையைப் பாருங்கள், ஒற்றைப்படை. 320-க்கு 2-இன் ஆறு அடுக்கு வேண்டும். எண்ணிடம் இருந்ததும் சரியாக ஆறுதான். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிற்கிறது. கீழ்முந்திரிக்கு 2-இன் பன்னிரண்டு அடுக்கு வேண்டும், அதற்கு வழியில்லை.

தாத்தா இருந்திருந்தால் "பாக்கி இல்லாம முந்திரி வரைக்கும் பிரியுதா, நல்ல சொத்து" என்றிருப்பார்.

குடமுருட்டி:

அப்ப நிலத்தில் போட்டுப் பாருங்களேன். 293318625600 சதுர அடி என்றால் எத்தனை வேலி?

கணக்குவீட்டுப்பேரன்:

அப்படிக் கேளுங்கள் மாமா.

12 அடிக்கு 12 அடி ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி.

144-ஆல் வகுத்தால் 2036934900 குழி, மீதி இல்லை. 100-ஆல் வகுத்தால் 20369349 மா, மீதி இல்லை. வேலிக்குப் போனால்தான் இடிக்கிறது: 1018467 வேலி, 9 மா. அந்த 9 மாவுக்குப் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போவார்கள்.

சதுர கிலோமீட்டரில் 27,250 சொச்சம். பழைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். தண்ணி விட காவிரி போதாது.

நன்னிலம்_நந்தி:

தண்ணி இருக்கிற நிலத்துக்கே தண்ணி வரவில்லை. மேலே பேசுங்கள்.

அரசலாறு:

அந்த நிலக் கணக்கையே வைத்து நேற்று பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன். இத்தனை சதுர அடி நிலத்தைச் செவ்வகமாக, நீளமும் அகலமும் முழு அடியாக வருகிற மாதிரி எத்தனை விதமாக அளந்து கல் நடலாம்? காரணிகள் ஜோடி ஜோடியாக வரும் என்பதால் 5040-இல் பாதி, 2520 விதம். ஒரு பக்கம் 1 அடி, இன்னொரு பக்கம் 293318625600 அடி என்பதும் அதில் சேர்த்திதான். ஒற்றையடிப் பாதை!

ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி உடனே கேட்டாள்: "சார், இந்த 2520-இல் எது சதுரத்துக்கு ரொம்பப் பக்கம்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன். யாராவது காப்பாற்றுங்கள். முடிந்தால் புரோகிராம் இல்லாமல்.

வெட்டாறு:

அதை அப்புறம் பார்ப்போம் சார். முதலில் நீங்கள் கேட்காத ஒரு கேள்விக்கு வருகிறேன். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 5040 காரணி கிடையாது என்பதை எப்படி உறுதிப்படுத்துவது? இருபத்தொன்பதாயிரம் கோடி எண்களை ஒவ்வொன்றாகவா பார்ப்பது?

வேண்டாம். ராமானுஜன் பிடித்த நூல் இது. அடுக்குகள் இறங்குவரிசையில்தான் இருக்க வேண்டும். 2-க்கு இருப்பதைவிட 3-க்கு அதிக அடுக்கு இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு அடுக்குகளையும் இடம் மாற்றிப் போட்டால் காரணி எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் சிறிதாகிவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன்னிருந்த எண் பட்டியலில் வர முடியாது. இதே காரணத்தால் நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகவும் முடியாது. முதல் 12 பகா எண்களைப் பெருக்கினால் 7420738134810, எல்லை தாண்டிவிட்டது. ஆகவே 31-க்கு மேல் எந்தப் பகா எண்ணும் உள்ளே வராது. இப்படி வடிகட்டினால் மிஞ்சுகிறவற்றைப் பொறுமையுள்ள ஆள் கையாலேயே பார்த்துவிடலாம்.

நெருங்கி வந்து தோற்கிற ஒன்றைக் காட்டுகிறேன். நம்ம எண்ணில் 23-ஐச் சேர்த்துவிட்டு 24-ஐ எடுத்துவிடுங்கள், அதாவது மூன்று 2-ம் ஒரு 3-ம் போகட்டும். எண் கொஞ்சம் சிறிதாகும். காரணிகள் 4 × 4 × 3 × 3 × 32 = 4608. போதவில்லை. 24-க்குப் பதில் 28-ஐ எடுத்தால், அதாவது இரண்டு 2-ம் ஒரு 7-ம் போனால், 4800 காரணிகள். அதுதான் பட்டியலில் முந்தின வரி, 240940299600. 21-ஐ மட்டும் எடுத்தால் எண் பெரிதாகி 321253732800 வரும், காரணி 5376. அது பிந்தின வரி.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. முந்தின வரியில் 23 இருக்கிறது, பிந்தின வரியிலும் 23 இருக்கிறது. நடுவில் விட்டுப்போன இதில் மட்டும் 23 இல்லை.

அரசலாறு:

அட! சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதற்கு மேலே உள்ள வரிகளில் 23 வந்து வந்து போகிறது: 97772875200-இல் இல்லை, 128501493120-இல் உண்டு, 146659312800-இல் இல்லை, 160626866400-இல் உண்டு. 321253732800-இலிருந்து பட்டியல் முடியும் வரை ஒரு வரி விடாமல் 23 இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பட்டியலில் 23 இல்லாமல் கடைசியாக வர வேண்டியது இதுதான்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. பட்டியலின் கடைசி எண் 6746328388800. அதை 23-ஆல் வகுத்துப் பாருங்கள்.

பைத்தான்_பையன்:

293318625600!! சார், அதே எண். விட்டுப்போனதை 23-ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண்ணா? காரணியும் சரியாக இரண்டு மடங்கு, 10080.

அப்படியானால் 23 வந்துவிட்டது, இனி எல்லாவற்றிலும் இருக்கும் என்று நினைத்து அவர் தாண்டிப் போயிருப்பாரோ?

வெட்டாறு:

நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உங்கள் ஊகம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வரிகளை எழுதும்போது கண் தவறியிருக்கலாம், அச்சில் தவறியிருக்கலாம், எத்தனையோ இருக்கலாம். அவர் மனதுக்குள் போய்ப் பார்த்தவர் மாதிரிப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அவர் குலதெய்வமான நாமக்கல் தாயார் கனவில் வந்து 102 எண்களைச் சொன்னாள், ஒன்றை மறந்துவிட்டாள் என்று நாளைக்கே யாராவது கிளப்பிவிடுவார்கள்.

நன்னிலம்_நந்தி:

சும்மா இருந்தவனுக்கு யோசனை கொடுத்துவிட்டீர்களே :)

கணக்குவீட்டுப்பேரன்:

ஒரு சங்கிலி கண்ணில் பட்டது. 293318625600-க்கு 5040 காரணிகள். 5040-க்கு எத்தனை? 60. 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. 4-க்கு 3. 3-க்கு 2. 4 வரைக்கும் எல்லாமே உயர் பகு எண்கள். 3-இல்தான் சங்கிலி அறுகிறது. அவர் பட்டியலில் கடைசியாக உள்ளதைப் போட்டுப் பார்த்தேன்: 10080, அதற்கு 72. 72 உயர் பகு எண் இல்லை, 60-க்கே 12 காரணி இருக்க 72-க்கும் அதே 12-தான். அங்கே உடனே அறுந்துவிட்டது.

60 பற்றிச் சொல்ல வேண்டுமா? பந்தியில் 60 இலை போட்டால் இரண்டு வரிசை, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எப்படியும் சமமாகப் பிரியும். கவுளிக்கு 100 வெற்றிலை என்று வைத்தார்களே, அதை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், ஒரு இலை மிஞ்சும். 96 என்று வைத்திருந்தால் சண்டையே வந்திருக்காது.

வெட்டாறு:

அந்த 5040-ஐப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கொஞ்சம் கனமான விஷயம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை காரணிகளை எண்ணினோம். இனி அவற்றைக் கூட்டுவோம். நம்ம எண்ணின் எல்லாக் காரணிகளையும் கூட்டினால் அந்த எண்ணைப்போல் 5.599 மடங்கு வருகிறது. இந்த மடங்குக்கு ஒரு கூரை உண்டு என்பார்கள்: எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி மடக்கை எடுத்து, 1.781-ஆல் பெருக்க வேண்டும். நம்ம எண்ணுக்கு அந்தக் கூரை 5.830. ஆக 5.599 கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

5040-க்குப் போட்டால் மடங்கு 3.838, கூரை 3.817. கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறது! இப்படி மீறுகிறவற்றில் இதுவரை தெரிந்த மிகப் பெரிய எண் 5040. 1984-இல் ரோபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிறுவியது இது: 5040-க்கு மேல் ஒரு எண்கூட மீறாது என்றால் ரீமான் கருதுகோள் உண்மை, ஒன்றாவது மீறினால் பொய். கணிதத்தில் இன்றுவரை தீராத பெரிய வழக்கு அந்தக் கருதுகோள்.

இதில் ராமானுஜன் எங்கே வருகிறார்? 1915 கட்டுரை முழுதாக அச்சாகவில்லை. லண்டன் சங்கத்துக்குப் பணத் தட்டுப்பாடு, அதனால் பின்பகுதி நின்றுவிட்டது. அந்தக் கையெழுத்துப் பகுதியில் காரணிகளின் கூட்டலைப் பற்றியும், ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டால் அது எவ்வளவு உயரம் போகும் என்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். 1997-இல்தான் நிக்கோலாவும் அதே ரோபினும் குறிப்புகளோடு அதைப் பதிப்பித்தார்கள்.

நம்ம எண்ணின் காரணி எண்ணிக்கையும் 5040, ரோபினின் எல்லையும் 5040. இது தற்செயல். இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

குடமுருட்டி:

பாதிதான் புரிந்தது தம்பி. ஆனால் பணமில்லாமல் பாதியில் நின்றது என்பது மட்டும் நன்றாகப் புரிகிறது.

பைத்தான்_பையன்:

சார், அந்த ஒன்பதாவது பெண்ணின் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. புரோகிராமில்தான் கண்டுபிடித்தேன், மன்னிக்கணும். ஆனால் கையால் சரிபார்க்க முடியும்.

சதுரத்துக்கு மிகப் பக்கத்தில் வருவது 541450 × 541728. முதலாவது 2450 × 221, இரண்டாவது 2592 × 209. வித்தியாசம் 278 அடிதான்.

கணக்குவீட்டுப்பேரன்:

பக்கத்துக்கு 165 கிலோமீட்டர், அதில் வித்தியாசம் 85 மீட்டர். அளந்தவன் கைகாரன்தான். கல்லணையில் மூலைக்கல் நட்டுக் கிழக்கே சங்கிலி பிடித்தால் அடுத்த கல்லைக் கடலுக்குள்தான் நட வேண்டும்.

அரசலாறு:

தம்பி, ரொம்ப நன்றி. இதைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சொல்ல வழி கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் நட்டநடுவில் 541589. ஒன்று அதிலிருந்து 139 குறைவு, இன்னொன்று 139 கூடுதல். எட்டாம் வகுப்பு முற்றொருமைதான்: கூட்டலையும் கழித்தலையும் பெருக்கினால் வர்க்கங்களின் வித்தியாசம்.

541589-இன் வர்க்கம் 293318644921. 139-இன் வர்க்கம் 19321. கழித்தால் 293318625600.

கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் நம்பாமல் நோட்டில் முழுப் பெருக்கலையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினாள். அப்புறம் சார்ட்டில் 240940299600-க்குக் கீழே ஓரத்தில் அம்புக்குறி போட்டு, வெளியே சுவரிலேயே பென்சிலால் அந்த எண்ணை எழுதினாள். வீட்டு ஓனர் பார்த்தால் என்ன சொல்வாரோ தெரியவில்லை.

நன்னிலம்_நந்தி:

ஓனருக்கு 23 பிடிக்காது, அதனால் விட்டுவிட்டோம் என்று சொல்லுங்கள் சார்.